அக்காவும் பென்சிலில் எழுதிய நாலு வரியும்

முதலாண்டு நினைவுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் நேரத்தில் இந்த மலரை உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். நம் வீடுகளுக்கு இதுவரை வந்த நினைவு மலர்கள் என்ன ஆயின என்பது எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவோம். அப்புறம் புழுக்கத்துக்கு விசிறிக்கொள்வோம். அதற்கும் அப்புறம் கருவாடு மடிக்க உதவும். இந்த ஒன்றை மட்டும் முழுக்கப் படித்துவிட்டு மடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதி, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். என் வீட்டுக்காரரும் அப்படியே எழுதிவிடு, எதற்கு வம்பு என்றார். அக்காவைப் பற்றி நல்லதாக எழுத இந்த மலரின் பக்கங்கள் போதாது. ஆனால் அக்காவைக் கைவிட்டவர்களைப் பற்றி எழுதாவிட்டால் எழுதுவதில் அர்த்தமே இல்லை. அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். அதை ஒப்புக்கொள்வதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா பிறந்தது காத்திவாக்கத்துக்குப் பக்கத்தில், எங்கள் குப்பத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே மணலில் மூன்று தெரு. நைனா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். அம்மா மீன்கூடையை ரயிலில் ஏற்றி ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போய் விற்று வருவார். எண்ணூரில் ஐந்தாம் வகுப்பு முடித்த அக்காவை, கூடையோடு கூடையாக அதே ரயிலில் ஏற்றி, ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அம்மாதான். குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை.

முதல் நாள் வகுப்பில் டீச்சர் மூக்கைச் சுளித்து, இங்கே என்ன வாடை என்று கேட்டார்களாம். மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா எழுந்து நின்று, தன் அம்மாவின் கூடை வாடை அது, நாளைக்கும் வரும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இதை அக்கா எங்களிடம் சொன்னதில்லை. வருஷங்கள் கழித்து அந்த டீச்சரே அம்மாவிடம் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது சொன்னார்கள். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்கள், அன்றைக்கு அம்மா அவர்களுக்கு இரண்டு சங்கரா மீன் கூடப் போட்டு அனுப்பினார்.

அக்கா படிப்பை முடித்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. குண்டு விழும் என்று பயந்து பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஓடினார்கள். யானைக்கவுனிக்குப் பக்கத்தில் ஒரு தினசரிப் பத்திரிகை ஆபீஸில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அங்கே புரூப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அக்கா போய் நின்றார். ஆண்கள் திரும்பி வருகிற வரைக்கும்தான் வேலை என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் திரும்பி வந்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

அக்காவை நிருபராக்கியது ஒரு புயல். கடலுக்குப் போனவர்களில் பலர் கரை திரும்பவில்லை. மற்றப் பத்திரிகைகளில் 'சில மீனவர்களைக் காணோம்' என்று ஒரே வரியில் செய்தி வந்தது. அக்கா எண்ணூரில் தொடங்கிக் காசிமேடு வரைக்கும் குப்பம் குப்பமாக நடந்தார். திரும்பாதவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியலில் ஐந்தாவது பெயர் எங்கள் நைனாவுடையது. மற்றப் பெயர்களை எப்படி எழுதினாரோ அப்படியேதான் அக்கா அதையும் எழுதியிருந்தார். ஆசிரியருக்குக்கூட அது அக்காவின் தகப்பன் என்று தெரியாது. பட்டியலின் ஓரத்தில் நீலப் பென்சிலால் 'முழுதும் போடு' என்று எழுதி உள்ளே அனுப்பிவிட்டார். மறுநாள் முழுப் பட்டியலும் பத்திரிகையில் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் பெயரை முழுசாக அச்சில் போட்டவள் என்று எல்லாக் குப்பங்களிலும் அக்காவுக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. அதன் பிறகு கரையில் எது நடந்தாலும் அக்காவுக்குத்தான் முதலில் சொல்வார்கள். மற்ற நிருபர்கள் 'மீன்காரி நியூஸ்' என்று கேலி செய்துவிட்டு, மறுநாள் அதே செய்தியைத் தங்கள் பத்திரிகையில் போட்டுக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பென்சிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்திரிகை ஆபீஸில் பென்சில்தான் எஜமான். ஆசிரியர் கையெழுத்துப் போடமாட்டார், முத்திரை வைக்கமாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதினால் அது நேரே அச்சுக் கோப்பவர் கைக்குப் போய்விடும். விடிந்தால் ஊர் முழுக்கப் படிக்கும். எழுதியவர் அதற்குப் பிறகு நான் எழுதவில்லை என்று சொல்லமாட்டார். சொன்னதாக அக்கா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பத்து வருஷம் அக்கா அந்தப் பழக்கத்தில் ஊறினார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில், அரசாங்கத்தில் ஓர் இலாகா, பத்திரிகைகளுக்கும் ஜனங்களுக்கும் தன் சார்பில் பேச ஓர் ஆள் தேடியது. அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எந்த இலாகா என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பெயர் அக்காவின் மலரில் அச்சாக வேண்டாம்.

தினமும் பிற்பகலில் நிருபர்கள் வந்து உட்காருவார்கள். நேற்றுவரை அக்காவைக் கேலி செய்தவர்கள்தான். அக்கா நின்றுகொண்டு சர்க்கார் செய்தியைச் சொல்வார். குறுக்குக் கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். சாயங்காலத்துக்குள் விசாரித்துத் தகவல் அனுப்பிவிடுவார். அம்மாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர்களிடம், "சர்க்காரு வாயத் தொறந்தா எம் பொண்ணுதான் பேசுவா, நீ இன்னாமோ எங்கையில பேச வந்துட்டே" என்று அடக்கிவிடுவார்.

அந்த இலாகாவின் மேலதிகாரி பார்ப்பதற்கு நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். அக்காவைச் சகோதரி என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, பாயில் உட்கார்ந்து வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மா அதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எங்கள் குப்பத்துக் கரையில் எண்ணெய்க் கிடங்கு ஒன்று கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மூன்று தெருவும் எழுந்து ரயில் பாதைக்கு மேற்கே போக வேண்டும். தாசில்தார் இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்தார். குப்பம் அசையவில்லை. மூன்றாவது தடவை போலீஸ் வரும் என்று பேச்சு கிளம்பியது. மேலதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, சகோதரி, உங்கள் ஜனங்கள் நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தால்தான் போவேன் என்றார் அக்கா. தான் தயாரித்திருந்த அறிக்கையை அவர் முன்னால் வைத்தார். அவர் அதன் ஓரத்தில், இங்கிலீஷில், பென்சிலால் நாலு வரி எழுதினார். ஆறு மாதத்துக்கு மட்டும் இடம் மாற்றம். வேலை முடிந்ததும் கரை திரும்பக் கொடுக்கப்படும். கடலுக்குப் போக வழி விடப்படும். இதை அவர்களுக்கு அறிவிக்கலாம்.

அக்காவுக்கு அது போதும். மேலே இருப்பவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டார், அச்சானது மாதிரிதான். சர்க்கார் ஆபீஸில் நடைமுறை வேறு. அங்கே மையில் எழுதிக் கீழே சுருக்கொப்பம் வைத்தால்தான் அது எழுத்து. பென்சிலில் எழுதுவது அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு; ரப்பர் பட்டால் பேசவே இல்லை என்று ஆகிவிடும். இதைக் கடைநிலைக் குமாஸ்தாகூட அறிவாராம். அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்துதான் மேஜைமேல் இருந்த பேனாவைத் தொடாமல் பென்சிலை எடுத்தார் என்று நான் நம்புகிறேன்.

குப்பம் அம்மன் கோயில் வாசலில் கூடியது. நானும் இருந்தேன். குப்பத்திலேயே மணமாகி, குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். அக்கா அறிக்கையைப் பிரிக்கப் போனார். குப்பத்துத் தலைவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"காயிதம்லாம் வாணாம்மா. சர்க்காரு பேச்ச நாங்க நம்பல. எங்க ஆளுங்க பேரப் பேப்பர்ல போட்டவ நீ. உங்க நைனா பேரையும் அதுல சேர்த்துப் போட்டே. நீ சொல்லு, மரத்தைத் தூக்கினு போறோம்."

அக்கா அறிக்கையை மடித்தார். கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார்கள். அதன்மேல் கையை வைத்து, "ஆறு மாசம்ணே. அப்பறம் நம்ம கரை நம்மளுக்கு. எழுதிக் குடுத்துக்கீறாங்க, என் கண்ணால பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றார்.

அது பேனாவா பென்சிலா என்று ஒருவரும் கேட்கவில்லை. குப்பத்தில் பேசினால் அதுதான் பத்திரம். எட்டு நாளில் மூன்று தெருவும் காலியாயிற்று. தாங்கள் கட்டிய கூரையைத் தாங்களே பிரித்தார்கள். போலீஸ் வரவில்லை. அந்த அதிகாரிக்கு மேலிடத்தில் நல்ல பெயர் கிடைத்ததாகக் கேள்வி.

ஆறு மாதம் முடிந்தது. கிடங்கின் மதில்சுவர் அலை வந்து நனைக்கிற இடம் வரைக்கும் எழுந்து நின்றது. வலை உலர்த்திய மணல்வெளி உள்ளே போய்விட்டது. கடலுக்குப் போக வேண்டுமானால் மதிலைச் சுற்றி இரண்டு மைல் நடக்க வேண்டும். கட்டுமரங்களைத் தூரத்தில் போட்டுவிட்டு வந்தால் காலையில் கட்டிய கயிறு திருட்டுப் போயிருக்கும். அக்கா மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டார், அடுத்த வாரம் என்றார். அதற்கடுத்த வாரம் பத்திரிகையில் ஒரு மறுப்பு வந்தது. கரையைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் யாருக்கும் வாக்குறுதி அளிக்கவில்லை என்றும், அலுவலர் ஒருவர் தன்னிச்சையாகப் பேசியதற்கு அரசாங்கம் பொறுப்பாகாது என்றும் அதில் இருந்தது.

அதை முதலில் போட்டது எந்தப் பத்திரிகை தெரியுமா? அக்கா பத்து வருஷம் உழைத்த அதே தினசரி. யானைக்கவுனிக்கும் அக்காவின் ஆபீஸுக்கும் நடுவே டெலிபோன் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்கா அன்று அந்தப் பத்திரிகையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார் என்று அம்மா சொன்னார்.

குப்பம் பஞ்சாயத்தைக் கூட்டியது. புது இடத்தில் கோயில் இல்லை. ஒரு பூவரச மரத்தடியில் அம்மன் படத்தை வைத்துக் கூட்டினார்கள். அக்கா வந்தார். தாசில்தாரும் வந்தார், கையில் பைலோடு. அக்காவேதான் அந்தப் பைலைக் கொண்டுவரச் சொல்லி எழுதிக் கேட்டிருந்தார். கோயில் கூட்டத்துக்குப் பிறகு தான் ஆபீஸில் திருப்பிக் கொடுத்த அறிக்கை அதில் இருக்கும், அதன் ஓரத்தில் நாலு வரி இருக்கும், எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற நம்பிக்கை அவருக்கு. பைலைப் பிரித்துத் தாளைப் புரட்டினார். அறிக்கை இருந்தது. ஓரம் வெறுமையாக இருந்தது.

"இங்கத்தான் இருந்துச்சி. இதே எடத்துல" என்று அக்கா விரலை வைத்துக் காட்டினார்.

தலைவருக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்களுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அவர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரு, நீ படிச்ச பொண்ணு. அவளுக்குக் கூடப் பொறந்தவதான், ஆனா எங்களோட வூட்டைப் பிரிச்சுக்கினு வந்தவ. நீ பாத்துச் சொல்லு. அதுல இன்னா எழுதிக்கீது?"

நான் தாளை வாங்கினேன். பிற்பகல் வெயில் அந்தத் தாளின் பின்பக்கம் அடித்தது. ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. மற்ற இடம் வழுவழுப்பாக இருக்க, அங்கே மட்டும் நூல் பிரிந்த மாதிரி மயிர் எழும்பி நின்றது. வெயிலில் கோடுகள் அழுந்திய தடம் தெரிந்தது. நாலு வரி. எந்த எழுத்தையும் கூட்டிப் படிக்க முடியவில்லை. ஆனால் எழுதி அழித்த இடம் என்று என் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

தாசில்தார் எனக்குப் பக்கத்தில் நின்றார். என்னிடம் மட்டும் கேட்கும்படி இங்கிலீஷில், நீங்களும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்தானே டீச்சர், இன்னும் நிரந்தரமாகவில்லை போலிருக்கிறதே என்றார். மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்கு அக்காமேல் கோபமும் இருந்தது. என் வீட்டையும் பிரித்தேன். புது இடத்துத் தண்ணீர் குடித்து என் பிள்ளை மூன்று மாதம் வயிற்றுக் கடுப்பில் கிடந்தான். தண்ணீர் சுமக்கும்போதெல்லாம், இவ்வளவு படித்தும் நீ ஏமாந்தாயா, எங்களையும் ஏமாற வைத்தாயா என்று அக்காவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அந்தக் கோபமும் பயமும் சேர்ந்து என் நாக்கில் வந்து உட்கார்ந்தன.

"ஒண்ணும் எழுதல. காலியாத்தான் கீது" என்றேன்.

எழுத்து இல்லை என்றுதானே சொன்னேன், அது உண்மைதானே என்று எத்தனையோ நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன். குப்பம் என்னிடம் கேட்டது எழுத்தை அல்ல. என் அக்கா பொய் சொன்னாரா இல்லையா என்று கேட்டது. அதற்கு நான் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று பதில் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் கையிலிருந்து தாளை வாங்கிப் பைலில் வைத்து, நாடாவைக் கட்டி, தாசில்தாரிடம் கொடுத்துவிட்டார். குப்பம் தீர்ப்புச் சொன்னது: இனி அவள் காலடி குப்பத்தில் படக்கூடாது, அவளுடைய நல்லது கெட்டதுக்குக் குப்பம் வராது. அம்மா மட்டும் எழுந்து, "எம் பொண்ணு இல்லாதத சொல்லமாட்டா" என்றார். பெற்றவள் பின்னே எப்படிப் பேசுவாள் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் என் வேலை நிரந்தரமாயிற்று. அந்த உத்தரவு மையில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து வந்தது.

அக்காவை ஆபீஸில் நிருபர்களுக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓர் ஓரத்தில் உட்கார வைத்து, பத்திரிகைகளிலிருந்து செய்திகளைக் கத்தரித்து ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். சகோதரி என்று கூப்பிட்டவர் நடையில் எதிரே வந்தால் பக்கத்து அறைக்குள் போய்விடுவாராம். சில மாதம் பொறுத்திருந்துவிட்டு அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பழைய தினசரிக்குப் போனார். 'முழுதும் போடு' என்று எழுதிய அதே ஆசிரியர் காப்பி வாங்கிக் கொடுத்து, உங்கள் பெயர் கொஞ்சம் அடிபட்டுவிட்டது அம்மா, ஒரு வருஷம் போகட்டும் என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வருஷம் வரவே இல்லை.

வண்ணாரப்பேட்டையில் சிறிய அச்சகம் வைத்திருந்த பாய்தான் கடைசியில் வேலை கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம் இவைதான் அங்கே அச்சாகும். சர்க்காருக்காகப் பேசியவர், நிக்காஹ் பத்திரிகைகளுக்கும் நிச்சயதார்த்தப் பத்திரிகைகளுக்கும் புரூப் பார்த்தார். அதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அச்சை நிறுத்திவிடுவார் என்று பாய் சொல்வார்.

தண்டையார்பேட்டையில் ஒற்றை அறையில் அக்கா இருந்தார். மஞ்சள் காமாலை வந்து படுத்த பிறகுதான் நான் அங்கே அடிக்கடி போனேன். அதற்கு முன்னால் போக எனக்கு முகம் இல்லை. கஞ்சி வைத்தேன், துணி துவைத்தேன், தலை வாரிவிட்டேன். எல்லாவற்றையும் செய்ய விட்டார். என் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டார். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு நாள் நானே வாயைத் திறந்தேன். அன்றைக்கு வெயிலில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை அக்கா என்று ஆரம்பித்தேன். பாருங்கள், அப்போதும் பொய்தான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "உனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்னு எனக்குத் தெரியும். அத்தோட வுடு."

அதன் பிறகு பதினோரு நாள் இருந்தார். ஒரு காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

குப்பத்துக்கு ஆள் அனுப்பினேன். நம் வழக்கம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். குப்பத்து உயிர் ஒன்று போனால் அன்றைக்கு எந்த மரமும் கடலுக்குப் போகாது. பகையாளி செத்தாலும் போகாது. கைக்குழந்தை செத்தாலும் போகாது. அக்கா போன அன்று எல்லா மரமும் போயிற்று. துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் மதிலைச் சுற்றி நடந்து போனதைப் பார்த்ததாக, நான் அனுப்பிய ஆள் வந்து சொன்னார். அக்காவைத் தூக்கக் குப்பத்திலிருந்து ஒரு தோளும் வரவில்லை. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் நாலு பேர், விரலில் மையோடு வந்து தூக்கினார்கள்.

அவர்களுக்கு முதல் நன்றி. குப்பம் அக்காவுக்குச் சொன்ன தீர்ப்பைக் கேள்விப்பட்டும் வேலை கொடுத்து, இந்த மலரையும் கூலி வாங்காமல் அச்சடித்த பாய்க்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி வேலை முடித்துவிட்டுத் தினம் வந்து பார்த்த ராயபுரத்து நர்ஸ் அம்மாளுக்கும், வாடகை கேட்டு ஒரு நாளும் கதவைத் தட்டாத வீட்டுக்கார அம்மாளுக்கும் நன்றி. மார்க்கெட்டில் அம்மாவோடு கடைசிவரை பேச்சை நிறுத்தாத பெண்களுக்கும் நன்றி.

மேலதிகாரி இந்த மலருக்கென்று ஓர் இரங்கல் செய்தி அனுப்பியிருந்தார். அக்காவின் நேர்மையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய தினசரி அக்காவின் மறைவை இரண்டு வரியில் போட்டது. 'முன்னாள் ஊழியர்' என்று போட்டிருந்தது, பெயரில் ஓர் எழுத்தும் தப்பு. அதற்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவர் வாயால் கேட்க விட எனக்கு மனம் வரவில்லை. மரத்தடியில் நான் சொன்ன பதிலைப் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன். மேலே படி என்பது மாதிரி அம்மா கையை அசைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அச்சுல போடு" என்றார். எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அம்மா என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பந்திக்கு வராத குப்பத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் இந்த மலரை அனுப்புகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தத் தாளில் நாலு வரி எழுதியிருந்தது. அதை அழித்திருந்தார்கள். அழித்த இடத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

போன கரையைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்காவுக்குத் தராமல் விட்ட அந்த ஒரு நாளை இப்போது கொடுங்கள். இந்த மலர் உங்கள் கைக்கு வந்த மறுநாள் காலையில், ஒரு மரமும் கடலுக்குப் போக வேண்டாம். என்னை என்ன செய்வது என்று அதற்கு அடுத்த நாள் கூடிப் பேசிக்கொள்ளுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

— தங்கை